விண்டோஸ் 10 முடிந்தது: பழைய மடிக்கணினிக்கு எந்த வழி?

2025 அக்டோபர் 14 அன்று எந்த மடிக்கணினியும் நின்றுபோகவில்லை. மறுநாள் காலையிலும் விண்டோஸ் 10 வழக்கம்போலத் திறந்தது, கணக்கு எழுதும் டாலி ஓடியது, யூடியூப் பாடியது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இலவசமாக அனுப்பிவந்த அப்டேட் மட்டும் அன்றோடு நின்றது. 2015 ஜூலை 29 அன்று வெளியான இயங்குதளத்துக்கு, அதாவது ஓ.எஸ்.ஸுக்கு, பத்து வருட ஆயுள் என்பது குறைவல்ல. அதில் எனக்குப் புகார் இல்லை. என் எரிச்சலெல்லாம் அடுத்த பதிப்பின் வாசலில் தொங்கும் பூட்டைப் பார்த்துத்தான்.

விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, திறக்கும்போதே கலப்பட மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதி, பிராசசர் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேல். எட்டாம் தலைமுறை 2017-ன் பிற்பாதியில்தான் கடைக்கு வந்தது. ஆகவே 2016-ல் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரேம், உடையாத திரை எல்லாம் இருந்தும் வரிசையில் நிற்க அனுமதி இல்லை. அதே பிராசசரில் பிரவுசரும் எக்செலும் இன்றைக்கும் முக்காமல் முனகாமல் ஓடுகின்றன.

இப்படி ஒரு லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் "எந்த ஓ.எஸ். நல்லது?" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது. முதல் கேள்வி, நீங்கள் விடவே முடியாத ஒரு மென்பொருள் எது என்பது. இரண்டாவது, அதன் லைசென்ஸ் உங்களை எதனோடு கட்டிவைத்திருக்கிறது என்பது. இவை இரண்டுக்கும் விடை கிடைத்தால் ஓ.எஸ். தானாக முடிவாகிவிடும், புது லேப்டாப் வாங்கவேண்டுமா என்பதும் அதோடு தெரிந்துவிடும். விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைக்கின்றன, அதனால்தான் தேவைக்கு மேல் செலவாகிறது.

உங்களிடம் இருப்பது என்ன லைசென்ஸ்?

எதையும் முடிவு செய்யும் முன் ஒரு நிமிட வேலை. செட்டிங்ஸில் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'ஆக்டிவேஷன்'. விண்டோஸ் டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று அங்கே எழுதியிருந்தால் நிம்மதி. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த டிஜிட்டல் லைசென்ஸ் என்றிருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது ஒரு வரியும் வரும்: உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டது.

பெரியப்பாவின் லேப்டாப்பில் இந்த மூன்றாவது வரியைத்தான் பார்த்தேன். படித்துக் காட்டியதும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எந்த நிறுவனம்டா? நான்தான் ஓய்வு பெற்றுவிட்டேனே" என்றார். நிறுவனம் என்று ஒன்றும் இல்லை. பெரிய அலுவலகங்கள் ஆயிரக்கணக்கான கணினிகளை ஒன்றொன்றாக ஆக்டிவேட் செய்யாமல், தங்கள் நெட்வொர்க்கிலேயே ஒரு சர்வரை வைத்து அதன் மூலம் ஆக்டிவேட் செய்துகொள்ள மைக்ரோசாஃப்ட் ஒரு ஏற்பாடு தந்திருக்கிறது. அந்த ஆக்டிவேஷன் 180 நாள் செல்லும். அதற்குள் கணினி சர்வரைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். சர்வீஸ் கடையில் "ஒரிஜினல் விண்டோஸ் போட்டுவிட்டேன்" என்று திருப்பித் தரும் பல லேப்டாப்களில், அந்த சர்வரைப் போல நடிக்கும் ஒரு சிறு புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. அதை நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கவேண்டும். அணைத்த பிறகு அதனுள் வேறு என்ன வந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது.

இது ஒழுக்கப் பாடம் அல்ல. முடிவெடுப்பதற்குத் தேவையான தகவல். அப்டேட் நின்றுபோனதைப் பற்றிக் கவலைப்படுகிறவர், ஏற்கெனவே திறந்து கிடக்கும் கதவை முதலில் பார்க்கவேண்டும். சட்டப்படியும் இது சின்ன விஷயமல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கு ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. தொழில் ஆதாயத்துக்காக இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. வீட்டுக்கு யாரும் சோதனைக்கு வரப்போவதில்லை. கடை, அலுவலகம் நடத்துகிறவர்கள் அந்தத் தைரியத்தில் இருக்க முடியாது.

லேப்டாப்போடு வந்த விண்டோஸ் 'ஓஇஎம்' லைசென்ஸ். கிராமத்தில் நிலத்தோடு சேர்ந்து போகும் கிணற்றுப் பங்கு போன்றது அது: நிலத்தை விற்றால் பங்கும் போகும், பங்கைத் தனியே பிரித்து வேறு நிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. மதர்போர்டோடு கட்டப்பட்டது, விண்டோஸ் 8 காலத்திலிருந்து அதன் கீ, அதாவது ஆக்டிவேட் செய்யும் எண், மதர்போர்டில் இருக்கும் பயாஸ் மென்பொருளிலேயே பதிந்து வருகிறது. இதில் ஒரு நன்மை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸை முழுக்க அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ். போட்டாலும் அந்தக் கீ அழியாது. பின்னால் மனம் மாறி அதே பதிப்பு விண்டோஸைத் திரும்ப நிறுவினால் அது தானே ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும். "லினக்ஸ் போட்டால் விண்டோஸ் போய்விடுமே" என்ற பயத்துக்கு இதுதான் பதில்.

தனியாகப் பெட்டியில் வாங்கும் 'ரீட்டெயில்' லைசென்ஸை ஒரு கணினியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம். விலைதான் கண்ணைக் கட்டும்: விண்டோஸ் 11 ஹோம் அமெரிக்காவில் 139 டாலர், புரோ 199.99 டாலர். பழைய லேப்டாப்பின் மறுவிற்பனை விலையை இதோடு வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்த இடைவெளியில்தான் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கீ விற்கும் சந்தை பிழைக்கிறது. அதில் பெரும்பகுதி ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த லைசென்ஸிலிருந்தோ, ஸ்கிராப்புக்குப் போன கணினியிலிருந்தோ உருவியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலையில் ஆரக்கிள் தொடர்பான வழக்கில், காலவரையின்றி விற்கப்பட்ட மென்பொருள் லைசென்ஸை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே பழைய கீ விற்பவர்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்லும், நமக்கல்ல. இந்த வழியை நான் ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வருட அவகாசம்

விண்டோஸ் 10-லேயே இருந்துகொண்டு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் பெறும் திட்டம் ஒன்று இருக்கிறது. பெயர் இஎஸ்யூ. அதில் சேர மூன்று வழி: 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்த் தொகையைக் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், எதுவும் கொடுக்க மனமில்லையென்றால் விண்டோஸ் பேக்கப்பை இயக்கி செட்டிங்ஸை ஒன்டிரைவில் சேமிக்க ஒப்புக்கொள்ளலாம். எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். ஒரு கணக்கில் பத்துக் கணினிவரை சேர்க்கலாம், ஆகவே வீட்டில் ஒருவர் சேர்ந்தால் போதும்.

இலவச வழியில் ஒரு சின்னக் கண்ணி. ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான். பேக்கப்பை இயக்கும்போது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களும் சேர்ந்து மேலே போனால் ஒரு கல்யாண ஆல்பத்திலேயே இடம் நிரம்பி, கூடுதல் இடம் வாங்கச் சொல்லும் அறிவிப்பு தினமும் வந்து நிற்கும். அந்த ஃபோல்டர்களை அணைத்துவிட்டு செட்டிங்ஸை மட்டும் அனுப்புங்கள். திட்டத்துக்கு அது போதும்.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இந்த பேக்கப் நிபந்தனையே கிடையாது. நுகர்வோர் அமைப்புகள் கேள்வி கேட்டன, மைக்ரோசாஃப்ட் விட்டுக்கொடுத்தது. அலுவலகங்களுக்கோ முதல் வருடம் கணினிக்கு 61 டாலர், வருடா வருடம் இரட்டிப்பு, மூன்று வருடம் வரை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட்டை 2028 வரை அவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கப் போகிறார்கள். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்பது லைசென்ஸ் முடிவு. தொழில்நுட்ப முடிவு அல்ல. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலும் 2028 அக்டோபர் வரை வரும். "அப்டேட் வந்துகொண்டுதான் இருக்கிறதே" என்று அதைக் காட்டிச் சிலர் ஆறுதல் அடைகிறார்கள். வைரஸ் பட்டியல் தெரிந்த வைரஸைப் பிடிக்கும், ஓ.எஸ்.ஸில் இருக்கும் ஓட்டையை அடைக்காது.

என் கருத்து: தகுதியுள்ள எல்லோரும் இந்தத் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். ஆனால் இதைத் தீர்வு என்று எண்ணிக் காலை நீட்டி உட்கார வேண்டாம். ஆற அமர முடிவெடுக்க வாங்கும் வாய்தா, அவ்வளவுதான்.

பூட்டை உடைத்து விண்டோஸ் 11

ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் பென் டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம், பிராசசர் சோதனைகளை நீக்கிவிடலாம். ஆறாம், ஏழாம் தலைமுறையில் விண்டோஸ் 11 நன்றாகவே ஓடும். தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாஃப்ட் எழுதிவைத்திருந்தாலும், மாதாந்தர அப்டேட்கள் நடைமுறையில் வந்துகொண்டிருக்கின்றன. தொல்லை வருடாந்தரப் பதிப்பில். ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம். அடுத்த பதிப்பு இந்தக் கணினிகளுக்குத் தானாக வராது. மறுபடி பென் டிரைவ், மறுபடி கைவேலை. 24எச்2 பதிப்பில் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத மிகப் பழைய பிராசசர்களைத் திறக்கவே முடியாதபடி அடைத்துவிட்டார்கள். அதுபோல இன்னொரு கதவு எப்போது மூடும் என்று சொல்ல முடியாது.

உங்கள் சொந்த லேப்டாப்பில் செய்யுங்கள், சுவாரசியமான வேலைதான். அம்மாவின் லேப்டாப்பிலோ கடைக் கணக்கு இருக்கும் கணினியிலோ செய்யாதீர்கள். இரண்டு வருடம் கழித்து அழைப்பு உங்களுக்குத்தான் வரும்.

லினக்ஸ் மின்ட்

லினக்ஸில் நூறு வகை இருக்கிறது. வீட்டுக்கு நான் சொல்வது மின்ட் ஒன்றைத்தான். 2006-லிருந்து வருகிறது. தற்போதைய 22 வரிசை உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அப்டேட் உண்டு. கீழே டாஸ்க் பார், இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு உறுத்தாத முகம். ரேம் நான்கு ஜிபி மட்டும் உள்ள லேப்டாப் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள், மற்றவர்களுக்கு சினமன்.

இதன் லைசென்ஸ்தான் மற்ற எல்லா வழியிலிருந்தும் இதைப் பிரிக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், ஜிபிஎல் என்ற திறமூல லைசென்ஸின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. ஓட்டிக்கொள்ளலாம், படிக்கலாம், மாற்றலாம், நகலெடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். கொடுத்தவரால் இந்த உரிமைகளை நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. மின்ட் குழு நாளை கடையைச் சாத்தினாலும் அதன் மூலநிரலை எடுத்து வேறொருவர் தொடரலாம். ஓபன் ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் தொகுப்புக்கு அதுதான் நடந்தது: 2010-ல் அதன் உரிமையாளரான சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியதும், அதை எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் அதே வருடம் பிரிந்துபோய் லிப்ரே ஆபீஸ் என்று தொடங்கினார்கள். இன்று உயிரோடு வளர்வது அந்தக் கிளைதான்.

இவ்வளவு சொன்னாலும், கண்ணை மூடிக்கொண்டு மின்ட் போடச் சொல்ல மாட்டேன். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் எதையும் தொடாமல் முழு ஓ.எஸ்.ஸும் திறக்கும். அந்த நேரத்தில் வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பாடுகிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று நான்கையும் சோதியுங்கள். முதல் மூன்றும் பெரும்பாலும் தேறிவிடும். பிரிண்டரில்தான் உதைக்கும். ஹெச்பி என்றால் கவலையில்லை, அவர்களே லினக்ஸுக்கு டிரைவர் எழுதுகிறார்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடை, வக்கீல் அலுவலகம், பள்ளி அலுவலகம் எங்கும் தென்படும் கேனான் எல்பிபி 2900 வேறு ரகம். அது கேப்ட் என்ற கேனானுக்கே உரிய முறையில் பேசும். லினக்ஸில் அதை ஓடவைப்பது பொறுமைசாலிகளின் விளையாட்டு. அந்தப் பிரிண்டர் உங்கள் பிழைப்பில் ஒரு பகுதி என்றால் முடிவை அங்கேயே எடுத்துவிடலாம்.

டாலியும் அப்படித்தான். வாங்கிய டாலி லைசென்ஸ் காலாவதியாகாது. வருடச் சந்தா கட்டாவிட்டால் புதுப் பதிப்பும் இணையச் சேவைகளும்தான் நிற்கும். அந்த வகையில் நியாயமான லைசென்ஸ். ஆனால் அது ஓடுவது விண்டோஸில். ஆடிட்டர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களுக்கான மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. கணக்கு வேலை பார்ப்பவர் மின்டுக்கு மாறினால் மார்ச் கடைசியில் என்னைத் திட்டுவார், நியாயமாகவே.

தமிழ்த் தட்டச்சு தடையே இல்லை. தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் மின்டில் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளையும் அந்த எழுத்துருவை நகலெடுத்துப் போட்டுவிட்டால் லிப்ரே ஆபீஸில் படிக்கலாம்.

இன்னொரு செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப் மெதுவாக இருப்பதற்கு ஓ.எஸ்.ஸைத் திட்டுகிறோம், பெரும்பாலும் குற்றவாளி உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றி, சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி போட்டாலே பாதிப் புலம்பல் நின்றுவிடும். மின்ட் வைத்தாலும் விண்டோஸ் வைத்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். கழற்றிய டிஸ்க்கைப் பழைய விண்டோஸோடு அப்படியே பத்திரமாக எடுத்துவைத்தால், அதுவே திரும்பிப் போகும் வழியும் ஆகிறது.

லினக்ஸுக்கு மாறுவது தனிமனித முடிவு மட்டுமல்ல என்பதற்கு அரசுகளே சாட்சி. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடித்த பிறகு 2017-ல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கும் லினக்ஸுக்கும் மாற்றுவதாக அறிவித்தது. கேரளப் பள்ளிகள் வெகுகாலமாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. எத்தனை மாணவர்கள் அந்த பாஸைத் திறந்து பார்த்திருப்பார்கள்? கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப்புத்தகத்தையே அதையொட்டி எழுதினார்கள். இங்கே பூட் மெனுவில் ஒரு வரியாக விட்டுவிட்டோம். லினக்ஸ் நிலைப்பது அதன் தரத்தால் மட்டுமல்ல, சந்தேகம் வந்தால் கேட்க அருகில் ஆள் இருக்கிறாரா என்பதாலும்தான். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான் என்றால் தயங்காதீர்கள்.

குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் பற்றியும் கேட்பார்கள். கூகுள் 2022-ல் வெளியிட்டது, இலவசம், நிறுவுவது எளிது. ஜிமெயிலும் யூடியூபும் மட்டும் பார்ப்பவருக்குப் போதும். ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடாது, எந்த மாடலுக்கு எதுவரை ஆதரவு என்பதையும் கூகுளே தீர்மானிக்கிறது. ஒரு நிறுவனத்தின் தேதியிலிருந்து தப்பி இன்னொரு நிறுவனத்தின் தேதிக்குள் போவானேன்? மின்டில் பிரவுசரை மட்டும் திறந்துவைத்தால் அதே வேலை நடக்கும்.

ஆபீஸ் கணக்கு

அதே 2025 அக்டோபர் 14-ல் ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு முடிந்ததைப் பலர் கவனிக்கவில்லை. இங்கே மூன்று வழி, மூன்று வித லைசென்ஸ். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா: கட்டும்வரை எல்லாம் உண்டு, நிறுத்தினால் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. ஆபீஸ் 2024: ஒருமுறை வாங்குவது, ஒரு கணினிக்கு, ஆதரவு 2029 அக்டோபர் வரை, அதற்குப் பிறகும் மென்பொருள் ஓடும். லிப்ரே ஆபீஸ்: காசும் இல்லை, தேதியும் இல்லை.

சந்தாவில் எனக்கு இருக்கும் சந்தேகத்தை ஆஸ்திரேலியா உறுதிசெய்தது. 365-க்குள் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரைச் சேர்த்து விலையை ஏற்றிய மைக்ரோசாஃப்ட், கோபைலட் இல்லாத பழைய விலைத் திட்டமும் இருக்கிறது என்பதைச் சந்தாதாரர்களிடம் சொல்லாமல் மறைத்தது என்று அந்நாட்டுப் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. சுமார் 27 லட்சம் பேரை இது பாதித்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. சந்தாவை ரத்து செய்யும் பக்கம்வரை போனவர்களுக்கு மட்டுமே அந்தப் பழைய திட்டம் கண்ணில் பட்டதாம்.

கடிதம், பில், மாணவர்களின் செய்முறை அறிக்கை ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் தாராளம். மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) எழுதிய எக்செல் தாள்களை நம்பி நடக்கும் அலுவலகத்துக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஆபீஸ் 2024. ஆறு பேர் பகிர்ந்துகொள்ளும் குடும்பத் திட்டத்தை உண்மையிலேயே ஆறு பேரும் பயன்படுத்தினால், ஒன்டிரைவ் இடத்துக்காகவாவது 365 கட்டுபடியாகும். அப்படிப் பயன்படுத்தும் குடும்பங்கள் குறைவு.

டிடிபி கடைக்கு ஒரு தனி யோசனை

கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் அடிக்கும் சின்னக் கடைகளில் இன்றைக்கும் அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7 ஓடுகிறது. 2001-ல் வந்தது. அடோபி 2013-லிருந்து புதுப் பதிப்புகளைச் சந்தாவில் மட்டும் தரத் தொடங்கிய பிறகு, பழைய பதிப்பை விட்டு நகர அந்தக் கடைகளுக்கு வழியும் இல்லை, அவசியமும் இல்லை. மாதா மாதம் கட்டினால் பத்திரிகை விலை ஏறும்; ஏறினால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள்.

இவர்களுக்கு விண்டோஸ் 11-ம் வேண்டாம், மின்டும் வேண்டாம். இணையக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபையை அணையுங்கள். வடிவமைப்புக் கணினி தனியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவையும் பெயர்ப் பட்டியலையும் வேறு ஒரு கணினியில் இறக்கி, பென் டிரைவை ஸ்கேன் செய்து கொண்டுவாருங்கள். நெட்வொர்க்கே இல்லாத கணினியின் பெரும்பாலான ஓட்டைகளுக்குள் யாரும் நுழைய முடியாது. ஹார்டு டிஸ்க் போனால்தான் ஆபத்து, ஆகவே இருபது வருட டிசைன் கோப்புகளின் நகல் ஒன்று வீட்டில் இருக்கவேண்டும்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால்

டாலி, டோக்கன், அந்த கேனான் பிரிண்டர் என்று விண்டோஸோடு கட்டுண்டவர்கள் வாய்தா முடிவதற்குள் கணினியை மாற்றத்தான் வேண்டும். புதிது வாங்க இது நல்ல நேரமல்ல. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சில்லுகள் திருப்பிவிடப்பட்டதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது. பொதுமக்களுக்கு விற்றுவந்த குருஷியல் பிராண்டை விட்டே வெளியேறுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்தச் சூழலில் 16 ஜிபி ரேமும் 40 டாப்ஸ் வேகமுள்ள என்பியூவும் (ஏஐ வேலைக்கான சில்லு) கேட்கும் கோபைலட் பிளஸ் லேப்டாப்பைக் கணக்கு எழுத வாங்குவது வீண் செலவு.

நான் சிபாரிசு செய்வது நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிசினஸ் லேப்டாப். திங்க்பேட், லாட்டிட்யூட், எலிட்புக் வகை. திருகாணி கழற்றினால் ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றக்கூடியவையாகவே பெரும்பாலும் இருக்கும், கீபோர்டு உறுதி, பயாஸில் விண்டோஸ் 10 புரோ ஓஇஎம் கீ இருக்கும். அதிலிருந்து 11-க்குப் போகத் தனிக் காசு இல்லை. நிலத்தோடு வந்த பங்கு நமக்கும் சேர்ந்து வருகிறது.

கடையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருக்கிறதா என்பது ஒன்று. ஸ்டிக்கரை நம்பாமல் சிஸ்டம் பக்கத்தில் பிராசசர் எண்ணைப் படிப்பது இன்னொன்று: ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-7200யூ என்றால் ஏழு. ஏழாம் தலைமுறையில் பூட்டை உடைத்து விண்டோஸ் 11 போட்டு, "பதினொன்றே ஓடுகிறது பாருங்கள் சார்" என்று விற்கும் லேப்டாப்கள் சந்தையில் ஏராளம். பில்லில் அந்தப் பிராசசர் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.